கடல் தொட்ட பேழை

எங்கள் வீடுகளில் உள்ள மரத்தளபாடங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போமாயின், அவற்றுட் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை என்பது விளங்கும். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி ஆகியன போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அவர்கள் வருவதற்கு முன்னர் நம்மவர் வீடுகளிற் பாயும் பெட்டியும் பெட்டகமுமே இருந்திருக்க வேண்டும். யப்பானியரும் நெடுங்காலம் தரையிற் பாய்விரித்து வாழ்ந்தவரே. லாச்சி வைத்த பேழை அவர்களிடத்தும் மிகப் பழையதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அது பரவத் தொடங்கியது. அதற்குமுன் மூடியுள்ள நீண்ட பெட்டிகளிலேயே துணிமணிகளை வைத்திருந்தனர். பருத்தித் துணி மலிந்து, நகரத்து வணிகர் வீடுகளில் உடுபுடைவை பெருகியபோது, மேலிருந்து கிளறி எடுக்கும் பெட்டி போதாமற் போயிற்று. முன்புறமாக இழுத்தெடுக்கும் லாச்சிகள் பொருந்திய பேழை வந்தது. அதற்குத் 'தன்சு' என்று பெயர்.

அந்தத் தன்சு ஒன்றினைப் பழுதுபார்க்கும் வேலையில், 2023ஆம் ஆண்டின் மாரிகாலந் தொடக்கம் அடுத்த ஆண்டு ஆவணி வரையும், சனிக்கிழமை தோறும் எடுபிடியாளாக நின்றவள் நான். அந்த வேலையினிடையே நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். ஆயினும் பேழையைச் சொல்லாமற் பிழையைச் சொல்ல இயலாது.

மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் ஓராண்டு படிப்பதற்காக யப்பானின் வடகிழக்கிலுள்ள செண்டாய் நகருக்குச் சென்றிருந்தேன். கைத்தொழில் பற்றிய பாடமொன்றிற்கு ஒவ்வொருவரும் ஒரு பட்டறையைத் தெரிந்து ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும் என்பது விதி. என் வகுப்பாசிரியர் தமக்குத் தெரிந்த பட்டறையொன்றிற்கு என்னை அனுப்பினார். எழுபது வயது கடந்த ஆசான் ஒருவர், அவர் மகன், இரும்பு வேலைக்கு வாரம் இருமுறை வரும் முதியவர் ஒருவர், இவ்வளவே அங்கிருந்தோர். ஆசானை எல்லோரும் 'ஒயகத்தா' என்றே அழைத்தனர். தந்தை நிலையில் இருப்பவர் என்பது அதன் பொருள். நம்மூரிற் தச்சரைப் 'பாஸ்' என்கிறோம். அதுவும் ஒல்லாந்தர் தந்த சொல்லே.

மொழி குறித்து ஒரு வார்த்தை. யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டென்று பேராசிரியர் ஓனோ சுசுமு 1980களில் வாதிட்டதையும், எங்கள் பேராசிரியர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்து உழைத்ததையும் இவ்விதழின் வாசகர் அறிவர். மொழியியலாளர் பலர் அக்கருத்தை ஏற்றிலர்; அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவதும், வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே ஒட்டுவதும் எனக்குப் பேருதவியாயின. சொற்கள் தெரியாதபோதும் சொல்லின் இடம் தெரிந்தது. ஆங்கிலம் வழியாக யப்பானிய மொழியைக் கற்ற என் தோழியர் தலைகீழாக நின்று பேசுவதுபோல் இடர்ப்பட்டனர்.

செண்டாய்த் தன்சு, அந்நகரில் எடோ ஆட்சிக்காலத்தின் இறுதியில் உருப்பெற்ற ஒரு வகை. யப்பானிய அரசு 2015இல் அதனை மரபுவழிக் கைவினைப் பொருளாக அறிவித்தது. அதன் முகப்பு 'கெயாக்கி' என்னும் வன்மரத்தால் ஆனது. வரியோடிய அம்மரத்தின்மேல், வரி தெரியும்படி ஒளிபுகும் அரக்குப்பூச்சு பூசுவார்கள். உள்ளே லாச்சிகளுக்குத் தேவதாரு இனத்து மென்மரமும் 'கிரி' என்னும் மரமும் பயன்படுகின்றன. முகப்பெங்கும் இரும்புப் பூண்கள்: சிங்கம், யாளி போன்ற நாகம், பியோனி மலர். தகட்டிரும்பை உளிகளால் அடித்தடித்து எழுப்பிய உருவங்கள் அவை. பெரும்பாலும் 4 அடி அகலம், 3 அடி உயரம் இருக்கும். அவர்களுடைய 'ஷக்கு' என்னும் அளவுக்கும் நம் அடிக்கும் வேறுபாடு நூலளவே ஆதலின் எனக்கு அளப்பதிற் சிரமம் இருக்கவில்லை.

கிரி மரத்தைப் பற்றி ஆசான் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அது நம் முள்முருக்கைப் போல் விரைந்து வளரும்; கையிலெடுத்தால் பாரமே தெரியாது. தண்ணீரின் நிறையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஈரக்காற்றிற் பருத்து லாச்சியின் இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். வரண்ட காலத்திற் சுருங்கிக் காற்றோட்டம் தரும். எளிதிற் தீப்பற்றாது. வெளியே கரியாகிய பேழையின் உள்ளே பட்டாடைகள் அப்படியே இருந்தன என்று கதைகள் பல வழங்குகின்றன. பெண்பிள்ளை பிறந்தால் வீட்டு வளவிற் கிரி மரமொன்றை நட்டு, அவள் மணமாகிச் செல்லும்போது அதனைத் தறித்துத் தன்சு செய்து கொடுப்பது பழைய வழக்கமாம். இதனைக் கேட்டபோது எனக்கு எங்கள் மட்டக்களப்பு நினைவுக்கு வந்தது. எங்களிடத்தே மகளுக்கு வீட்டையே கொடுத்துவிட்டுத் தாய் தந்தையர் பின்வளவிற் கொட்டில் போட்டுக்கொள்வதுண்டு. ஆசானிடம் சொன்னேன். "வீடா? மரமொன்றை நட்டுவிட்டுத் தப்பிவிட்டோம் நாங்கள்" என்று சிரித்தார்.

பேழையை ஓட்டிச் செல்லவும் ஒரு காலத்தில் அவர்கள் முயன்றிருக்கிறார்கள். அடியிற் சக்கரம் பூட்டிய பெரும்பெட்டிகள் எடோ நகரில் இருந்தன. 1657இல் அந்நகரைப் பெருந்தீ அழித்தபோது மக்கள் அப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தனர்; ஒடுங்கிய தெருக்கள் அடைபட்டுப் போயின. பின்னர் 1683இல் சக்கரப் பெட்டிகள் தடைசெய்யப்பட்டன. உயிரைவிடப் பொருள் பெரிதோ என்று இதைக் கேட்டுக் கேலி செய்தவள் நான். அந்தக் கேலியின் கனம் சில மாதங்களின் பின்னரே எனக்குத் தெரிந்தது.

மார்கழியிற் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலை, அந்தப் பேழை வந்தது. பழைய போர்வையிற் சுற்றிச் சிறிய லொறியிற் கொண்டுவந்தார்கள். உடையவர் எண்பதைத் தாண்டிய மூதாட்டியார். உடன் அவருடைய பேத்தி. அடுத்த இலையுதிர்காலத்திற் பேத்திக்குத் திருமணம். அதற்குள் இதைப் புதிதாக்கித் தர வேண்டும் என்பது கோரிக்கை. பேழை மூதாட்டியாரின் மாமியார் கொண்டுவந்த சீதனம். 2011 மார்ச் 11ஆந் திகதி கடற்கரையோரத்து வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. பின்னர் உறவினரின் களஞ்சியத்திற் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடந்தது.

போர்வையை அகற்றியதும் நான் கண்டது முகப்பின் சிங்கங்களையல்ல. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பேழையின் இரு பக்கங்களையும் முன்புறத்தையும் சுற்றி ஓடிய ஒரு கோட்டையே கண்டேன். கோட்டுக்கு மேலே அரக்கு மங்கியிருந்தாலும் அரக்காகவே இருந்தது. கீழே சாம்பல் நிறம். வெடித்த அரக்கினூடாகச் சேற்றுநீர் மரத்துள் ஊறியிருந்தது. பூண்கள் துருவேறிப் பொருக்காக இருந்தன.

இங்கு என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையில் எங்கள் வீடு இருந்தது. 2004 டிசெம்பர் 26இல் எனக்கு வயது இரண்டு. அந்நாளுக்கு முன் எங்கள் ஊரில் எவருக்கும் 'சுனாமி' என்னும் யப்பானியச் சொல் தெரியாது. இன்றும் முதியவர்கள் 'கடல் வந்த நாள்' என்றே சொல்வர். இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்த அந்நாளில் அம்மம்மாவும் போனார். வீடும் போயிற்று. அம்மம்மாவின் முதிரைப் பெட்டகம் மாத்திரம் சில நாளின் பின் வாவிக்கரைக் கண்டற் புதருக்குள் அகப்பட்டது. கண்டெடுத்தவர் முகாமுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அம்மா சொல்லிவிட்டாராம். நான் வளர்ந்தபின் இதைக் கேள்விப்பட்டேன். அம்மம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அவருடைய படமும் இல்லை. அவர் கைபட்ட ஒரே பொருளையும் அம்மா ஏன் வேண்டாமென்றார் என்பது பல ஆண்டுகளாக என்னுள் ஒரு முள்ளாகவே இருந்து வந்தது. கேட்டதில்லை. கேட்காமலே அம்மாவைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன்.

ஆகவே அந்தக் கோட்டைக் கண்டபோது நான் வேறெதையும் யோசிக்கவில்லை; அது அழியலாகாது என்றே எண்ணினேன்.

வேலை தொடங்கியது. முதலிற் பூண்களைக் கழற்றுவது. ஆணிகள் முகப்பிலிருந்து உள்ளே சென்று, லாச்சியின் உட்புறத்தில் வளைக்கப்பட்டிருக்கும். வளைந்த முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உள்ளிருந்து மெல்லத் தட்ட வேண்டும். துருவேறிய ஆணி அவசரத்தைப் பொறுக்காது. நான் ஒரு மலரிதழின் ஓரத்தை முறித்துவிட்டேன். ஆசான் ஏசவில்லை, முறிந்த துண்டை ஒரு கடதாசி உறையிலிட்டு, இடத்தின் இலக்கத்தை எழுதி என்னிடமே தந்தார். ஆறு மாதம் அந்த உறை என் மேசையில் இருந்தது. இது ஏச்சைவிடக் கடுமையான தண்டனை என்பது என் கருத்து.

அடுத்தது உப்பு. உப்பேறிய மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் இழுக்கும். எத்தனை முறை புதிய பூண் போட்டாலும் துருப்பிடிக்கும். கழற்றிய பலகைகளை வெந்நீர் ஊற்றித் தூரிகையாற் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, மீண்டும் கழுவினோம். ஒவ்வொரு முறையும் ஆசான் பலகையின் ஓரத்தை நாவால் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் கழுவலின் பின் என்னையும் தொடச் சொன்னார். இன்னும் கரித்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னும் அது கடலாகவே இருந்தது. அன்று மதியம் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை.

பெயர்ந்த மூட்டுகளை வச்சிரம் காய்ச்சி ஒட்டினோம். வெடிப்புகளுக்குள் அதே இனத்து மரச்சீவலைச் செருகி அடைத்தோம். லாச்சிகளின் அடிப்பலகை தேய்ந்த இடங்களில் மெல்லிய கிரிப் பட்டைகளை ஒட்டி, மயிரிழை மயிரிழையாகச் சீவிப் பொருத்தினோம். யப்பானியர் சீவுளியைத் தம்மை நோக்கி இழுப்பார்கள். வாளும் இழுக்கும்போதே அறுக்கும். நம் தச்சர் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்த என் கைக்கு அது எளிதில் வசப்படவில்லை. நன்கு இழைத்த சீவல் ஒளிபுகுமளவு மெல்லியதாய்ச் சுருண்டு வரும். என்னுடையது தவிடாகவே வந்தது.

பின்பனிக் காலத்தில் ஒரு நாள், பக்கப்பலகையின் சாம்பற்கறையைக் காட்டி, "அரை மில்லிமீற்றர் இழைத்தால் போய்விடும்" என்றார் ஆசானின் மகன். அந்த நேரத்திற்காகவே காத்திருந்தவள்போல் நான் பேசத் தொடங்கினேன். கலைப்பீடத்தில் மரபுரிமை பற்றிப் படித்ததெல்லாம் நாவில் வந்து நின்றது. பழமையின் தடயத்தை அழிக்காதிருத்தலே பாதுகாப்பின் முதல் விதி என்றேன். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை எடுத்துச் சொன்னேன். யப்பானிலேயே, நாரா நகரில், 1994இல் உருவான ஆவணம் உண்மைத்தன்மை என்பது பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் என்று கூறுவதையும், இசே ஆலயம் இருபது ஆண்டுக்கொருமுறை முற்றாகப் புதிதாகக் கட்டப்படுவதையும், கடைசியாக அது 2013இல் நிகழ்ந்ததையும் நான் அறிந்தே இருந்தேன். ஆனால் அவற்றைச் சொல்லவில்லை. வாதத்துக்கு உதவாத சான்றை மறைப்பதிற் பட்டதாரி மாணவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர்.

ஆசான் முழுவதையும் கேட்டுவிட்டு, "பேழை என்னுடையதன்று. அடுத்த வாரம் அவர் வருவார். கேள்" என்றார்.

அந்த வாரத்தில், நகரின் கிழக்கே கடலோரத்திலுள்ள அரஹாமா தொடக்கப் பள்ளியைப் பார்க்கச் சென்றேன். சுனாமியின் போது அதன் கூரையிற் தஞ்சம் புகுந்த 320 பேர் உயிர் தப்பினர். இரண்டாந் தளம் வரை நீர் வந்த தடயங்களோடு அக்கட்டடம் 2017 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்து விடப்பட்டிருக்கிறது. எங்கே கிழிந்ததோ அங்கே கிழிந்தபடி கைப்பிடிக் கம்பிகள். இதுவல்லவோ சான்று என்று என் எண்ணம் உறுதிப்பட்டது. ஆனால் எல்லா ஊரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கெசென்னுமா நகரில் அலை கொண்டுவந்து ஊர்நடுவே வைத்த பெரிய மீன்பிடிக் கப்பலை நினைவுச்சின்னமாக வைத்திருக்கலாம் என்றபோது, ஊரவரிற் பெரும்பான்மையோர் வேண்டாமென்றனர். 2013இல் அது உடைக்கப்பட்டது. ஒட்சுச்சியில் நகரபிதாவும் ஊழியரும் மாண்ட பழைய நகரமண்டபம், நீண்ட வழக்கின் பின் 2019இல் இடிக்கப்பட்டது. அவற்றை இழப்பு என்றே நான் அப்போது குறிப்பேட்டில் எழுதினேன்.

மூதாட்டியார் வந்தார். மண்ணெண்ணெய் அடுப்பின் அருகே அமர்ந்து தேநீர் அருந்தினார். நான் அருகிற் சென்று, எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் கூட்டி, "பாட்டி, இந்தக் கோட்டை இப்படியே விட்டால், கடல் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பேத்தியின் பிள்ளைகளும் அறிவார்களே" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. பேழையைப் பார்த்தார், பின் என்னைப் பார்த்தார்.

"கடல் அந்த உயரம் வரவில்லை. கடல் உத்தரம் வரை வந்தது. இது வடியாமற் தேங்கி நின்ற தண்ணீர். நான்கு நாள் நின்றது. எங்களை உள்ளே விடவில்லை." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அவர் உள்ளே இருந்தார்."

'அவர்' யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேத்தி தலைகுனிந்து நின்றாள்.

சற்றுப் பின் அவரே, "உனக்கு நான் விளங்கச் சொல்லவில்லையோ?" என்று வினவினார். என் யப்பானிய மொழி போதாமையால் நான் பேசாதிருப்பதாக எண்ணிக்கொண்டார் போலும். விளங்கிற்று என்று மட்டும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அம்மொழியிற் பல உண்டு. ஒன்றும் வாயில் வரவில்லை.

அன்று மாலை வரையும் ஆசான் என்னோடு பேசவில்லை. பலகையை மேசையில் ஏற்றித் தாமே இழைத்தார். அரை மில்லிமீற்றர்தான். ஆறோ ஏழோ முறை சீவுளி ஓடியது. சாம்பல் நிறச் சீவல்கள் வந்தன, பின் கபில நிறம், பின் செந்நிறம். கெயாக்கியின் வரிகள் ஈரமணலில் அலை விட்ட கோடுகளைப்போல் மேலே வந்தன. சீவல்களைக் கூட்டி அடுப்பிலிடும் வேலை என்னுடையது. கூட்டினேன். இட்டேன்.

அவ்விரவு அம்மாவோடு தொலைபேசியிற் பேசினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, பல ஆண்டுகளாகக் கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை.

"அந்தப் பெட்டகத்தத் திறந்து பார்க்கச் சொல்லித்தான் மகள் கூப்பிட்டவங்க. உள்ளுக்கு என்ன இருக்கோ எண்டு எனக்குப் பயம். அம்மம்மாவ அப்ப இன்னும் கண்டெடுக்கல்ல."

அதன்பின் அம்மா வேறு கதை பேசினார். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் மரவள்ளியைத் தின்றுவிட்டதாம்.

நான் தெளிந்துவிட்டேன் என்று இங்கு சொல்ல இயலாது. அரஹாமாப் பள்ளி நிற்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். எங்கள் ஊரிலும் ஒரு சுவராவது அப்படி நிறுத்தப்பட்டிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் பொதுவிடத்தில் நிற்கிறது. பார்க்க விரும்புவோர் போவர், மாட்டாதோர் விலகிச் செல்வர். பேழை படுக்கையறையில் நிற்பது. ஒவ்வொரு காலையும் காலுறை எடுக்க அதைத்தான் திறக்க வேண்டும். இந்த எளிய வேறுபாடு எனக்கு எந்தச் சாசனத்திலும் தட்டுப்படவில்லை. அல்லது தட்டுப்பட்டும் நான் வாசிக்கவில்லை.

அரக்கு வேலை சித்திரைக்குப் பின்னரே தொடங்கியது. அவர்களுடைய அரக்கு, நம் கொம்பரக்கைப்போல் பூச்சியிலிருந்து வருவதன்று. 'உருஷி' மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 கிராம் பால் தந்துவிட்டு, அத்தோடு தறிக்கப்படும். இப்பால் உலர்வதாகச் சொல்கிறோமேயொழிய உண்மையில் உலர்வதன்று. அதிலுள்ள நொதியம் ஒன்று காற்றின் ஈரத்தையும் ஒட்சிசனையும் கொண்டே அதனை இறுகச் செய்கிறது. ஆகவே பூசிய பலகைகளை ஈரத்துணி தொங்கவிட்ட அறைப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஈரப்பதன் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும். வெயிலிற் காயவைப்பதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நம்பி வளர்ந்த எனக்கு, மழைக்காலமே நல்ல காலம் என்பது வியப்பாயிருந்தது. பூசுவதும், இறுகியபின் கரிக்கட்டையால் நீர்விட்டுத் தேய்ப்பதும், மீண்டும் பூசுவதுமாக ஆனி, ஆடி மாதங்கள் கழிந்தன.

உருஷி முதன்முறை தொடுபவரை விடாது. கையுறை அணிந்தும், மூன்றாம் நாள் என் மணிக்கட்டும் கழுத்தும் கண்ணிமையும் வீங்கிக் கொப்புளித்தன. இரவெல்லாம் தூக்கமில்லை. ஆசானின் மகன் இரக்கத்தோடு, "வெளிநாட்டவருக்கு இது மிகப் புதிது" என்றார். அப்படியன்று. மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்துபோவதையும், கஜுக்கொட்டை சுடும்போது தெறிக்கும் எண்ணெய் தோலை உரிப்பதையும் நான் சிறுவயது முதல் அறிவேன். மா, கஜு, வண்ணார் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டை, உருஷி யாவும் ஒரே தாவரக் குடும்பம். ஊரிற் கஜுப்புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவோம். அங்கும் தடவினேன். பயன் இருந்ததோ இல்லையோ, மணம் ஆறுதலாயிருந்தது.

பூண்களுக்கு இரும்பு முதியவர் பொறுப்பு. துருவை அகற்றி, தகட்டை அடுப்பிற் சூடேற்றி, சூட்டோடு உருஷியைத் தேய்ப்பார். புகை எழும், இரும்பு கருகருவென்று ஒளிரும். என் உறையிலிருந்த முறிந்த இதழையும் அவரே ஒட்டினார். ஒட்டிய இடம் தெரிகிறது என்றேன். "தெரியட்டும். நீ முறித்தது" என்றார்.

இரவுகளில் ஆனந்த குமாரசுவாமியைப் படித்தேன். கொழும்பிற் பிறந்த அவர் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி எழுதிய பெருநூல், கம்மாளரையும் தச்சரையும் நெருங்கிப் பார்த்து எழுதியது. பின்னர் 1917 முதல் அவர் பணியாற்றிய பொஸ்ரன் நூதனசாலையிலேதான், அவருக்கு முன் யப்பானியராகிய ஒக்காக்குரா கக்குசோவும் கீழைத்தேயக் கலைப்பிரிவிற் பணி செய்திருந்தார். இருவரும் கைவினைஞரின் பக்கம் நின்று எழுதியோர். எனினும் பொருளை உடையவளின் பக்கம் நின்று எவரும் எழுதியதாக என் வாசிப்பில் அகப்படவில்லை. என் வாசிப்புக் குறைவே.

பேழையின் பின்பலகை ஒன்றை மட்டும் நாங்கள் இழைக்கவில்லை. அதன் உட்புறத்தில் மையால் எழுதிய வரியொன்று இருந்தது: மெய்ஜி ஆட்சியின் ஓராண்டு, ஒரு மாதம், ஒரு தச்சரின் பெயர். இத்தகைய எழுத்துள்ள பலகையைச் சீவுளி தொடுவதில்லை என்பது பட்டறையின் வழக்கம். நீர்க்கோடு அந்த எழுத்தின் குறுக்கே ஓடியது. என்ன செய்வதென்று ஆசான் தொலைபேசியில் மூதாட்டியாரைக் கேட்டார். உள்ளே இருப்பது இருக்கட்டும், லாச்சிகளை முழுதாக வெளியே எடுத்தாலன்றித் தெரியாதல்லவா என்று அவர் சொன்னாராம். வேலை முடிந்ததும், கீழ் லாச்சியின் அடியில் ஆசான் தூரிகையால் ஆண்டையும் மாதத்தையும் எழுதினார். பழுதுபார்த்தோர் எழுதிவைப்பது வழமை. என்னிடமும் தூரிகையைத் தந்தார். நான் என் பெயரைத் தமிழில் எழுதினேன். மை பரந்து, எழுத்து விகாரமாகப் போயிற்று.

ஆவணியில், அவர்கள் தம் முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் பண்டிகைக்கு முன்னதாக, பேழையைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூதாட்டியார் இப்போது கடலுக்கு எட்டாத மேட்டுநிலத்தில், அரசு கட்டிக்கொடுத்த தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். இரண்டே அறைகள். திருமணம் வரை அங்கேயே பேழை இருக்கும். மூவர் தூக்கிச் சென்று சுவரோரம் வைத்தோம். அரக்கின் ஆழத்திற் சாளரத்து வெளிச்சம் தெரிந்தது. மூதாட்டியார் நெருங்கி வரவில்லை. சமையலறை வாசலிலே நின்றார்.

பேத்திதான் முதலில் தொட்டாள். நடு லாச்சியை இழுத்துப் பார்த்து, சற்று வேகமாகத் தள்ளி மூடினாள். உள்ளே அடைபட்ட காற்றுக்கு வேறு வழியின்மையால், மேல் லாச்சி தானாக ஓர் அங்குலம் வெளியே வந்தது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். நன்கு பொருத்திய தன்சுவின் இயல்பு அது. ஆசானின் முகத்தில் அவர் மறைக்க முயன்ற பெருமிதம் தெரிந்தது.

வாசலில் நின்ற மூதாட்டியார் சிரித்துவிட்டார். "நான் மணமாகி வந்த நாளிலும் இப்படித்தான் செய்தது. மாமியார் ஏசினார், மெதுவாக மூடத் தெரியாதா என்று."

ஈரக்கையை முன்றானைத் துணியிற் துடைத்துக்கொண்டு வந்து, பேழையின் முன் முழந்தாளிட்டார். மேல் லாச்சியை உள்ளே தள்ளினார். பின் நடு லாச்சியை முழுதாக இழுத்து, இரு கைகளாலும் பிடித்து, மிக மெதுவாக மூடினார். மேல் லாச்சி அசையவில்லை. "இப்படி" என்றார் பேத்தியிடம். அவள் செய்தாள்; மேல் லாச்சி மீண்டும் எட்டிப் பார்த்தது. நாங்கள் சப்பாத்து அணிந்து படியிறங்கும் வரையும் உள்ளே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.